கொலுவுக்கு செட் பொம்மை: பார்த்து வாங்குவது முதல் பரணில் ஏற்றுவது வரை

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மகாளய அமாவாசை ராத்திரி. புதிதாக வாங்கிய தசாவதார செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் படியில் வைத்துக்கொண்டே வந்தேன். மீன், ஆமை, பன்றி, சிங்கம், குள்ளன், கோடாலி, வில்... அடுத்து எடுத்ததும் வில். இரண்டு ராமர்! கலப்பையோடு நிற்க வேண்டிய பலராமரைக் காணவில்லை. கடைக்காரர் எண்ணித்தான் கொடுத்தார், நானும் எண்ணித்தான் வாங்கினேன். பொம்மை பத்து இருந்தது, அவதாரம் ஒன்பதுதான் இருந்தது.

மறுநாள் ஓடிப்போய்க் கேட்டபோது அந்த அச்சில் வந்த பொம்மைகள் தீர்ந்துவிட்டன என்றார்கள். வேறொரு செட்டிலிருந்து ஒரு பலராமரை எடுத்துக் கொடுத்தார்கள். இன்றுவரை எங்கள் தசாவதாரத்தில் அவர் மட்டும் மற்றவர்களைவிட ஒரு விரல்கடை உயரம். கேட்பவர்களிடம், கிருஷ்ணருக்கு அண்ணன்தானே என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு பொம்மை எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. செட் பொம்மை என்பது எண்ணிக்கை கணக்கு மட்டும் இல்லை. ஒரே அச்சுக்காரர், ஒரே வண்ணக்காரர், ஒரே அளவு, ஒரே சூளை என்று எல்லாம் சேர்ந்தால்தான் பத்துப் பொம்மை ஒரு செட்டாகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருடாவருடம் காசு கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிக் கொட்டியவள்தான்.

முதலில், எந்த மாதிரி செட்?

கடையில் எல்லாவற்றையும் செட் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து புழங்கும்போது மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். என் கணக்கில் அவை ஜோடி, வரிசை, காட்சி.

ஜோடிக்கு நல்ல உதாரணம் மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக, ராஜா ராணியாக, கல்யாணச் சீரோடு வந்து பல வீடுகளில் கொலுவைத் தொடங்கிவைக்கும் பொம்மைகள். செம்மரத்திலோ கருங்காலியிலோ செய்ததுதான் பழைய வழக்கம். செம்மரத்துக்கு இப்போது கட்டுப்பாடு அதிகம், அதனால் சாதா மரத்துக்குச் சாயம் பூசியும் நிறைய விற்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, செம்மர விலை கொடுக்காத வரைக்கும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். ஜோடியை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்திப் பாருங்கள். ராணி தோளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றால் ஒரே கையில் செதுக்கிய ஜோடியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே உயரமாகவோ முகவெட்டு வேறாகவோ இருந்தால், இரண்டு வேறு ஜோடிகளில் மிஞ்சியவற்றைச் சேர்த்து வைத்திருக்கலாம்.

வரிசை என்பது தசாவதாரம், அஷ்டலட்சுமி, அறுபடை வீடு, நவக்கிரகம், சங்கீத மும்மூர்த்திகள் போன்றவை. இத்தனை என்று எண்ணிக்கை முன்பே தீர்மானமானது. ஒன்று குறைந்தாலும் குறை, ஒன்று கூடினாலும் சிரிப்பு. அளவோ நிறமோ இம்மி பிசகினாலும் பக்கத்துப் பொம்மை காட்டிக்கொடுத்துவிடும்.

காட்சி என்பது கல்யாண செட், கிராம செட், சந்தை செட், கிரிக்கெட் செட், கருட சேவை, ராமர் பட்டாபிஷேகம் மாதிரி. ஒரு சம்பவம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது, அதில் ஆட்கள் இருக்கிறார்கள். சந்தையில் காய்கறிக்காரி ஒருத்தி கூடுதலாக வந்து உட்கார்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இது வளரக்கூடிய செட்.

கொலுவுக்கு வருடம் ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு அல்லவா? அந்த ஒற்றைப் பொம்மையைக் காட்சி செட்டுக்கு வாங்குங்கள். வரிசை செட்டை மட்டும் ஒரே நாளில், ஒரே கடையில், முழுசாக வாங்குங்கள். “இந்த வருஷம் நாலு அவதாரம், அடுத்த வருஷம் மீதி” என்ற கணக்கு உதவாது. என் அத்தை அஷ்டலட்சுமியை அப்படித்தான் மூன்று வருடத்தில் சேர்த்தார். எட்டு லட்சுமியும் வந்தார்கள், மூன்று குடும்பத்துப் பெண்கள் மாதிரி.

வாங்கப் போகும் முன் படியை அளந்துகொள்ளுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. கடையில் நிற்கும்போது எல்லாப் பொம்மையும் சின்னதாகத்தான் தெரியும், சுற்றிலும் மூன்றடி பிள்ளையார்கள் நிற்பதால்.

படியின் நீளம், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே உள்ள உயரம், பொம்மை நிற்கும் அகலம், இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். தசாவதாரத்தை எடுத்துக்கொள்வோம். முக்கால் அடி உயரப் பொம்மைக்கு அடிப்பாகம் ஏறக்குறைய 4 அங்குலம் என்று வையுங்கள். பத்துப் பொம்மைக்கு 40 அங்குலம். இடையில் ஒன்பது இடைவெளி, ஒவ்வொன்றும் 2 அங்குலம் என்றால் 18. மொத்தம் 58, அதாவது கிட்டத்தட்ட 5 அடி. உங்கள் படி 4 அடிதான் என்றால் பொம்மைகள் முண்டியடித்து நிற்கும். ஒரு பொம்மையை எடுக்கப் போய் இன்னொன்றைத் தட்டிவிடுவோம். அப்போது அரை அடி செட்டுக்கு இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நெருக்கியடித்த பெரிய செட்டைவிட, மூச்சுவிட இடமுள்ள சின்ன செட் எப்போதும் அழகு.

உயரத்திலும் ஒரு சங்கதி உண்டு. பின்படியில் நிற்கும் பொம்மையின் முகத்தை முன்படிப் பொம்மையின் தலை மறைக்கக் கூடாது. படிக்குப் படி ஏற்றம் 8 அங்குலம் என்றால், ஓரடிப் பொம்மையைக் கீழ்ப்படிகளில் வைத்தால் பின்னால் இருப்பவர் காணாமல் போவார்.

எங்கே, எப்போது

சென்னையில் இருப்பவர்களுக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதி தெரியாமல் இருக்காது. நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பே நடைபாதை முழுக்கப் பொம்மைதான். கூட்டமும் பேரமும் பிடிக்காதவர்களுக்குத் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் நிலையங்கள் உண்டு. வருடந்தோறும் கொலுக் கண்காட்சி வைப்பார்கள், பல ஊர்ப் பொம்மைகளை ஒரே கூரையின் கீழ் பார்த்து ஒப்பிடலாம்.

ஆனால் நேரம் இருந்தால் செய்கிற ஊருக்கே போய் வாருங்கள். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. கடலூரில் வண்டிப்பாளையம், அதற்குப் பக்கத்தில் பண்ருட்டி, மதுரைப் பக்கம் திருப்பரங்குன்றத்துக்கு அருகில் விளாச்சேரி. இங்கெல்லாம் வீட்டு வாசலிலேயே பொம்மை காய்ந்துகொண்டிருக்கும். விளாச்சேரியில் ஒரு விசேஷம். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்யும் அதே கைகள்தான் கிறிஸ்துமஸுக்குக் குடில் செட்டும் செய்கின்றன. மாதா, சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு மாடு. அதுவும் ஒரு காட்சி செட்தான். இந்த வழிகாட்டியில் சொல்கிற பெரும்பாலான விஷயம் குடில் வைக்கும் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

ஊருக்குப் போவதில் உள்ள பெரிய லாபம், அச்சு அங்கே இருக்கிறது என்பதுதான். ஒரு பொம்மை உடைந்துபோனால் அதே அச்சில் வேறொன்று வார்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். இடைத்தரகர் கடையில் அந்த வசதி கிடையாது.

எப்போது வாங்குவது? சீசன் தொடங்கிய உடனே. முதல் வாரத்தில் செட்டுகள் பிரிக்கப்படாமல் முழுசாக இருக்கும். கடைசி இரண்டு நாள் விலை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது இருப்பது மிச்சம். கடைக்காரர் ஒற்றைப் பொம்மை கேட்டவர்களுக்கெல்லாம் செட்டை உடைத்துக் கொடுத்துவிட்டு, மீதியை ஒப்பேற்றி வைத்திருப்பார். என் இரட்டை ராமர் வந்த கதையும் இதுதான். கடைசி நாளில் போவதென்றால் காட்சி செட்டுக்கு ஒற்றைப் பொம்மை பொறுக்கப் போங்கள். அதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

கடையில் நிற்கும்போது

பகலில் போங்கள். கடை விளக்கு மஞ்சளாக இருந்தால் எல்லா முகமும் ஒரே நிறமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்த பிறகுதான் ஒருவர் ரோஸ், ஒருவர் ஆரஞ்சு என்பது புரியும். பகலிலும் செட்டை வாசலுக்குக் கொண்டுவந்து, தரையில் வரிசையாக நிறுத்திப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் வேலை, ஆள் சரியா என்று பார்ப்பது. எண்ணாதீர்கள், பேர் சொல்லிப் பாருங்கள். தசாவதாரத்தில் குழப்பம் வருவது கையில் ஆயுதத்தோடு நிற்கும் மூவரிடம்தான். கோடாலி என்றால் பரசுராமர், வில் என்றால் ராமர், கலப்பை என்றால் பலராமர். வடக்கிலிருந்து வரும் சில செட்டுகளில் பலராமர் இருக்க மாட்டார், கிருஷ்ணருக்குப் பிறகு புத்தர் இருப்பார். அது தவறான செட் இல்லை, அவர்கள் கணக்கு அப்படி. உங்கள் வீட்டு வழக்கம் எது என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

அறுபடை வீட்டில் ஆறும் முருகன்தான் என்பதால் ஏமாறுவது இன்னும் சுலபம். திருப்பரங்குன்றம் தெய்வானை கல்யாணம். பழனி கையில் தண்டத்தோடு நிற்கும் ஆண்டி. சுவாமிமலை அப்பனுக்குப் பாடம் சொல்லும் கோலம். பழமுதிர்சோலையில் வள்ளி தெய்வானை இருவரும் கூட இருப்பார்கள். மீதி திருச்செந்தூரும் திருத்தணியும். பீடத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தாலும் பெயரை நம்பாதீர்கள், கோலத்தைப் பாருங்கள். பெயர் எழுதுகிறவர் வேறு, பொம்மை செய்கிறவர் வேறு.

அஷ்டலட்சுமியில் கவனிக்க வேண்டியது, ஒரே அச்சில் வார்த்துப் புடவை நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்களா என்பது. கஜலட்சுமிக்குப் பக்கத்தில் யானை, சந்தானலட்சுமி மடியில் குழந்தை, தான்யலட்சுமி கையில் நெற்கதிர் என்று அடையாளம் தெரிந்தால்தான் அது எட்டு. விலை குறைந்த செட்டில் எட்டுப் பேரும் ஒரே மாதிரி கை தூக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது அளவு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உயரத்தை ஒப்பிடாதீர்கள், தலையை ஒப்பிடுங்கள். கல்யாண செட்டில் ஒருவர் நிற்பார், ஒருவர் உட்கார்ந்து தவில் வாசிப்பார், ஒருவர் குனிந்து பந்தி பரிமாறுவார். உயரத்தை எப்படி ஒப்பிடுவது? எல்லாருடைய தலையும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். சம்மணம் போட்டிருக்கும் சாஸ்திரிகளின் தலை, நிற்கும் மாப்பிள்ளையின் தலையைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் அவர் வேறு செட்டிலிருந்து வந்தவர்.

பிறகு கண். பொம்மைக்குக் கடைசியாகத்தான் கண் எழுதுவார்கள், கண் திறப்பது என்பார்கள். ஒவ்வொரு வண்ணக்காரருக்கும் ஒரு கண் உண்டு. ஒருவர் புருவத்தை வில்லாக வளைப்பார், ஒருவர் கண்ணின் கடைக்கோடியைக் காதுவரை இழுப்பார், ஒருவர் கருவிழியை மேலிமையோடு ஒட்டிவைத்து லேசான தூக்கக் கலக்கத்தைக் கொண்டுவந்துவிடுவார். செட் முழுக்க ஒரே கண் இருந்தால் அது ஒரே கையில் பிறந்த செட். நிறமும் உயரமும் ஒத்துப்போய், கண் மட்டும் வேறாக இருக்கும் பொம்மையைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஏன் உறுத்துகிறது என்று மட்டும் சொல்லத் தெரியாது. நான் இப்போதெல்லாம் ஆயுதத்துக்கு அடுத்தபடி கண்ணைத்தான் பார்க்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

மண்ணா, கூழா, மாவா

பொம்மையைத் திருப்பி அடியைப் பாருங்கள். சுட்ட மண் என்றால் அடியில் செம்மண் நிறம் தெரியும். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் டங் என்று கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிப் பொத்தென்று வரும். காகிதக்கூழ் பொம்மை பார்க்கப் பெரிதாக இருந்தும் தூக்கினால் பஞ்சுபோல இருக்கும். மாடி ஏறி இறங்க வேண்டியவர்களுக்கும் அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும் இதுதான் நல்லது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் அடியில் வெள்ளை வெளேரென்று இருக்கும், நகத்தால் கீறினால் மாவாக உதிரும். வேலைப்பாடு கூர்மையாக இருக்கும், ஆனால் விளிம்புகள் சீக்கிரம் தெறித்துவிடும்.

ஒரு செட்டுக்குள் இரண்டு பொருள் கலந்திருக்கக் கூடாது. பூச்சு ஒரே மாதிரி இருந்தாலும், மண்மீது வண்ணம் பழையதாவது ஒரு விதம், காகிதத்தின் மீது இன்னொரு விதம். பத்து வருடத்தில் பிரிந்து தெரியும்.

மரத்தில் செட் வேண்டுமென்றால் ஆந்திராவின் கொண்டபள்ளிப் பொம்மைகளைப் பாருங்கள். லேசான மரத்தில் செய்தவை, கிராமத்துக் காட்சிகளும் தசாவதாரமும் அவர்களிடம் பிரபலம். சொப்புச் சாமான் பிரியர்களுக்கு அம்பாசமுத்திரத்து மரக்கடைசல் சொப்பு இருக்கிறது. குடம், உரல், அம்மி, அடுப்பு, அண்டா என்று ஒரு முழு அடுக்களையே உள்ளங்கையில் அடங்கும். சொப்பு வாங்கும்போது மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒவ்வொன்றின் மூடியும் அதனதன் மேல்தான் உட்காரும், மாற்றி வைத்தால் ஆடும். வீட்டில் குழந்தைகள் விளையாடிய பிறகு எது எதற்கு என்று தேடுவது ஒரு தனி உத்தியோகம். மூடியின் உள்பக்கமும் பாத்திரத்தின் அடியிலும் பென்சிலால் ஒரே எண்ணைப் போட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் நடனமாடும் பெண் ஒருத்தி உண்டு. தலை, உடம்பு, பாவாடை, கால் என்று தனித்தனியாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்று நிறுத்துவது. ஒரு பொம்மையே ஒரு செட்! இரண்டு வாங்கினால் பாகங்களைக் கலந்துவிடாதீர்கள். ஒன்றின் தலை இன்னொன்றில் சரியாக ஆடாது.

வளரும் செட்டை வளர்ப்பது

எங்கள் வீட்டுச் சந்தை, அம்மா காலத்தில் ஒரே ஒரு செட்டியார் கடையாகத் தொடங்கியது. தொந்தியோடு செட்டியார், பக்கத்தில் அவர் வீட்டம்மா, முன்னால் தட்டுத்தட்டாக அரிசி பருப்பு. இப்போது அது முப்பது பேர் கொண்ட சந்தை. வருடம் ஒருத்தராக வந்தவர்கள், வேறுவேறு ஊர்க்காரர்கள். ஆனாலும் பார்ப்பவர்கள் ஒரே செட்டா என்று கேட்கிறார்கள்.

அதற்கு மூன்று ஏற்பாடு செய்திருக்கிறோம். புது ஆளின் தலை செட்டியார் தலையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கொஞ்சம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, தூரத்தில் நிறுத்திக்கொள்ளலாம், தூரத்து ஆள் சின்னதாகத் தெரிவது இயற்கைதானே. இரண்டாவது, எல்லாப் பீடத்துக்கும் ஒரே காவி நிறம் அடித்துவிடுகிறோம். அக்ரிலிக் வண்ணம் ஒரு சின்ன டப்பா போதும். பச்சைப் பீடமும் நீலப் பீடமும் கலந்து நின்றால் வேறுவேறு வீட்டுப் பிள்ளைகள் என்று உடனே தெரியும். பீடம் ஒன்றானால் தரை ஒன்றாகிவிடும், தரை ஒன்றானால் ஊரும் ஒன்றாகிவிடும். மூன்றாவது, பளபளப்பு. வார்னிஷ் அடித்த பொம்மையை மங்கல் பொம்மைகளோடு சேர்க்க மாட்டோம். நிறம் வேறாக இருப்பதைக் கண் மன்னித்துவிடும், ஒன்று மட்டும் மின்னுவதை மன்னிக்காது.

கிரிக்கெட் செட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து போடும் அணிக்கு 11 பேர், மட்டையோடு 2 பேர், நடுவர் 2 பேர், ஆக மொத்தம் 15. பல கடைகளில் 11 பொம்மையைக் கொடுத்து முழு செட் என்பார்கள். வீட்டில் ஒரு பொடியன் இருந்தால் எண்ணிக் காட்டிவிடுவான்.

படியில் வைக்கும்போது

வரிசை செட்டைப் பார்க்கிறவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மச்சாவதாரம் இடக்கோடியில், கல்கி வலக்கோடியில். முதலில் இரண்டு ஓரங்களை வைத்து, நடுவில் ஐந்தாவதையும் ஆறாவதையும் வைத்து, பிறகு இடைவெளியை நிரப்புங்கள். ஒரு ஓரத்திலிருந்து வைத்துக்கொண்டே போனால் கடைசி இருவருக்கு இடம் போதாமல் எல்லாரையும் மறுபடி நகர்த்த வேண்டி வரும். படி விளிம்பிலிருந்து எல்லாப் பீடமும் ஒரே தூரத்தில் இருக்க, ஒரு நீள ஸ்கேலை முன்னால் வைத்துத் தட்டி நேராக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான், வரிசைக்கு இதற்கு மேல் வேலை இல்லை.

காட்சி செட்டில்தான் கைவேலை இருக்கிறது. எல்லாப் பொம்மையையும் பார்க்கிறவரைப் பார்த்து நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி ஆகிவிடும். கல்யாணத்தில் யார் நம்மைப் பார்க்கிறார்கள்? நாதஸ்வரக்காரரைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள், தவில்காரரைக் கொஞ்சம் இடப்பக்கம். இருவர் பார்வையும் நடுவில் ஓரிடத்தில் சந்திக்கட்டும். அவ்வளவு திருப்பினதுமே வாசிப்பு தொடங்கிவிட்டது போலிருக்கும். காசி யாத்திரை போகும் மாப்பிள்ளையைக் கூட்டத்துக்கு வெளியே, குடையோடு, முதுகு காட்டி நிறுத்துங்கள். மைத்துனன் நான்கு விரல் தூரத்தில் பின்னாலேயே ஓடிவரட்டும். பந்தியில் பரிமாறுகிறவர் இலைக்கு மேல் குனிந்திருக்க வேண்டும். இலையும் வரிசையும் கோணலாக இருந்தால் சாம்பார் தரையில்தான் விழும்.

என் பெண் பத்து வயதில் ஒரு பொம்மையை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்துத் தூணோரம் நிறுத்தினாள். கேட்டதற்கு, “சாப்பாட்டுக்கு இன்னும் கூப்பிடலேன்னு கோவிச்சுண்டு நிக்கிறார்” என்றாள். அந்த மாமா பதினைந்து வருடமாக அங்கேதான் நிற்கிறார். அவரைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் உண்டு.

காட்சி செட்டுகளைப் படியில் திணிக்காதீர்கள். கீழே தரையில், படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பி வையுங்கள். பச்சை வேண்டுமென்றால் கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் முளைத்துவிடும். ஈரம் மண் பொம்மைக்கு ஆகாது என்பதால், முளைவிட்டதை ஒரு தட்டில் தனியாக வளர்த்து, பொம்மைகள் காய்ந்த மணலில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு வருடம் பசு மாட்டைப் புல்லுக்கு நடுவில் நிறுத்தினேன். பத்தாம் நாள் குளம்பில் வண்ணம் இல்லை.

உடைந்துவிட்டால்

உடையும். உடையாத கொலு இல்லை. துண்டுகளைக் கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள், சின்னச் சில்லு உட்பட ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். காகிதக்கூழ் பொம்மைக்கு ஃபெவிகால் போதும். மண் பொம்மைக்கு எம்சீல் மாதிரி பிசைந்து ஒட்டுவது நல்லது. ஒட்டிய இடம் நன்றாக இறுகும்வரை, கையோ காலோ நழுவாமல் மெல்லிய நூலால் கட்டி வைத்திருங்கள். பிறகு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளைப் பூச்சு ஒரு கை, அதற்கு மேல் வண்ணம்.

வண்ணம் தீட்டுவதில்தான் செட் கெட்டுப்போகிறது. ஒரு பொம்மைக்கு மட்டும் புதுசாக முழு வண்ணம் அடித்தால், மற்ற ஒன்பதும் அழுக்காகத் தெரியத் தொடங்கும். அதனால் உடைந்த இடத்துக்கு மட்டும், அதுவும் விளிம்பு மங்கும்படி தொட்டுத் தொட்டு வையுங்கள். முதலில் பொம்மையின் முதுகுப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பாருங்கள், ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு. முழு வண்ணம் அடிக்க வேண்டிய நிலை வந்தால் பத்தையும் சேர்த்து ஒரே வண்ணக்காரரிடம் கொடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அம்மாவின் பழைய மண் பொம்மைகளுக்குப் புது எனாமல் அடித்துக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், முகமே மாறிப்போய்விடும்.

பின்னமான சாமிப் பொம்மையை வைக்கலாமா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். அதில் நான் தலையிட மாட்டேன். மனிதப் பொம்மைகளில் எனக்குச் சங்கடமே இல்லை. கை ஒடிந்த சந்தைக்காரருக்கு ஒரு துண்டைத் தோளில் போட்டுவிட்டால் போயிற்று.

கட்டி வைப்பது

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எடுத்துவைப்போம். களைப்பில் அவசரமாகக் கட்டுவதுதான் அடுத்த வருடத் தலைவலிக்குக் காரணம்.

படியிலிருந்து எடுக்கும் முன் ஒவ்வொரு செட்டையும் போட்டோ எடுத்துவிடுங்கள். காட்சி செட்டுக்கு மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று. அடுத்த வருடம் நாதஸ்வரக்காரர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தார் என்ற சண்டை வராது. பிறகு பொம்மையின் அடியில் பென்சிலால் செட் பெயரும் எண்ணும் எழுதுங்கள்: தசா 1, தசா 2 என்று. ஒரு செட்டை இரண்டு பெட்டியில் பிரிக்காதீர்கள். பெட்டி போதவில்லை என்றால் பெரிய பெட்டி வாங்குங்கள்.

தூசியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பழைய மண் பொம்மைகளில் வண்ணம் கையோடு வந்துவிடும். மென்மையான காய்ந்த தூரிகை போதும். சுற்றுவதற்கு அம்மாக்கள் வைத்திருந்த பழைய பருத்தி வேட்டியை மிஞ்சிய பொருள் இல்லை. செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை ஒட்டும், உள்ளே ஒரு வெள்ளைத் தாளோ துணியோ வேண்டும். குமிழ் பிளாஸ்டிக் வண்ணத்தின் மீது நேராகப் படக் கூடாது. பரண் சூட்டில் ஒரு வருடம் கிடந்தால் வட்டவட்டமாகத் தடம் விழும். தெர்மோகோலும் எனாமல் வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கை நீட்டி நிற்கும் பொம்மைக்கு முதலில் கைக்கும் உடம்புக்கும் நடுவில் துணியை அடைத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். வில், வேல், புல்லாங்குழல் போன்று கழற்றக்கூடியதைக் கழற்றி, அந்தப் பொம்மையின் பொட்டலத்துக்குள்ளேயே வையுங்கள். எல்லா ஆயுதத்தையும் ஒரே கவரில் போட்டு வைத்தால் அடுத்த வருடம் முருகன் கையில் புல்லாங்குழல் இருக்கும். மண் பொம்மையைப் படுக்கப் போடாமல் நிற்கிற வாக்கிலேயே அடுக்குங்கள். கனமானது அடியில், காகிதக்கூழ் மேலே. காகிதக்கூழ்ப் பெட்டியில் காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து போடுங்கள், பூச்சி முதலில் தேடிவருவது அதைத்தான்.

பெட்டியின் மேல் பெயர் மட்டும் எழுதினால் போதாது. என்ன செட், எத்தனை பொம்மை, எது அடிபட்டது, எங்கே ஒட்டியது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். எங்கள் தசாவதாரப் பெட்டியின் தாளில் “8, வேறு கடை” என்று இருக்கிறது.

மரப்பாச்சி ஜோடியைக் கடைசியாகக் கட்டுங்கள். பட்டுத் துணியைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு மரத்தைத் துடைத்து, இரண்டையும் ஒரே துணியில் சேர்த்துச் சுற்றி, மேலே இருக்கும் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். அடுத்த வருடம் பரணிலிருந்து முதலில் இறங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.